என்சிஏ-வுக்கு (தேசியக் குற்றத் தடுப்பு அமைப்பு) எஸ்ஏஆர் (சந்தேக நடவடிக்கை அறிக்கை): கிளையன்ட் பணத்தை அனுப்பும் முன் டிஏஎம்எல் (என்சிஏ-வின் முன் அனுமதி) கேட்பது எப்படி?

கணக்குப்பிள்ளை எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தில் நான்கு பேர் உள்ள சிறிய கணக்கியல் நிறுவனம். எம்எல்ஆர்ஓ (பணச்சலவைச் சந்தேகங்களை அறிக்கை செய்பவர்) பொறுப்பு இப்போது என் தலையில். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் கேட்கிறேன்.

கிளையன்ட் ஒரு சில்லறை வியாபார கம்பெனி. கல்லாவின் இசட் ரீடிங் (நாள் முடிவில் கல்லா அச்சிடும் மொத்த விற்பனை) எல்லாம் கூட்டினால் வருஷத்துக்கு 3,10,000 பவுண்டு. வங்கியில் ரொக்கமாகக் கட்டியிருப்பது 4,90,000. நடுவில் உள்ள 1,80,000-க்கு "உறவினர் கொடுத்த கைமாற்று" என்கிறார் டைரக்டர். ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. இதே வங்கிக் கணக்கிலிருந்துதான் முன்பு ஒரு கடையின் லீஸ் வாங்கினார்கள். அதை இப்போது விற்று, வந்த 62,000 பவுண்டு எங்கள் கிளையன்ட் அக்கவுண்டில் இருக்கிறது. அதை வெளிநாட்டில் உள்ள ஒரு டிரேடிங் கம்பெனிக்கு அனுப்பச் சொல்கிறார். அந்தப் பெயர் சப்ளையர் லெட்ஜரில் எங்குமே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டுமாம்.

எச்எம்ஆர்சி-க்கு (வரித்துறைக்கு) மட்டும் சொன்னால் போதாதா? என்சிஏ-வுக்கே போக வேண்டுமா? என்சிஏ பதில் சொல்ல உள்ள ஏழு நாள் அவகாசத்தை எப்படி எண்ணுவது? பதிலே வராவிட்டால்?

---

பேரேடு எழுதியது:

இதில் இரண்டு கடமைகள் கலந்து கிடக்கின்றன. முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, தகவல் சொல்லும் கடமை. குற்ற வருமானச் சட்டம் 2002, பிரிவு 330. தொழில் செய்யும்போது கிடைத்த தகவலால் சந்தேகம் வந்தால், முடிந்த அளவு சீக்கிரம் சொல்ல வேண்டும். ஊழியர் எம்எல்ஆர்ஓ-விடம் சொல்வார். எம்எல்ஆர்ஓ என்சிஏ-வுக்குள் இருக்கும் நிதி உளவுப் பிரிவுக்கு (யுகேஎஃப்ஐயு) எஸ்ஏஆர் அனுப்ப வேண்டும். அவருக்கான பிரிவு 331. சொல்லாமல் விட்டால் 5 ஆண்டு வரை சிறை. "இந்தத் தொகைக்குக் கீழே விட்டுவிடலாம்" என்கிற வரம்பு உங்கள் வேலைக்குப் பொதுவாகக் கிடையாது. 80 பவுண்டு வாட் ஏமாற்று என்றாலும் சட்டப்படி அது குற்ற வருமானம்தான்.

இரண்டாவது, நீங்களே குற்றவாளி ஆகாமல் தப்புவது. 327, 328, 329 ஆகிய பிரிவுகளின்படி குற்றப் பணத்தை மாற்றுவது, அதற்கான ஏற்பாட்டில் பங்கெடுப்பது, அதை வைத்திருப்பது எல்லாம் குற்றம். 14 ஆண்டு வரை. அந்த 62,000-ஐ அனுப்பும் பட்டனை அழுத்துவது நீங்கள். ஆகவே அழுத்தும் முன் அனுமதி கேட்க வேண்டும். பழைய பெயர் "கன்சென்ட்". "என்சிஏ ஓகே சொல்லிவிட்டது, பணம் சுத்தம்" என்று பலர் அர்த்தம் செய்துகொண்டதால் இப்போது டிஏஎம்எல் என்கிறார்கள். அதாவது பணச்சலவைக் குற்றச்சாட்டுக்கு எதிரான தற்காப்பு. அவ்வளவுதான் அது.

எச்எம்ஆர்சி கேள்விக்கு: போதாது. 330-ன் கடமை எம்எல்ஆர்ஓ வழியாக என்சிஏ-வுக்குப் போனால்தான் தீரும். வரி அதிகாரிக்குக் கடிதம், மோசடிப் புகார் எண்ணுக்குப் போன், காவல் நிலையத்தில் வாய்மொழி எல்லாம் செய்துவிட்டு எஸ்ஏஆர் போடாதவர் சட்டத்தின் பார்வையில் சொல்லாதவர்தான். எச்எம்ஆர்சி அந்தத் தரவுத்தளத்தைப் பார்க்கிற அமைப்புகளில் ஒன்று என்பதால் அவர்களுக்கும் விஷயம் போய்ச் சேரும்.

எஸ்ஏஆர் போர்ட்டலில் நிறுவனத்தின் பெயரில் பதிவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அவசரம் வந்த அன்றைக்குத்தான் பலர் பதிவையே தொடங்குகிறார்கள்.

---

தேம்ஸ்காரன் எழுதியது:

அண்ணா, மண்டையை உடைக்க வேண்டாம். சந்தேகம் வந்த எல்லாவற்றுக்கும் டிஏஎம்எல் பெட்டியை டிக் பண்ணிவிடுங்கள். கேட்டு வைத்தால் பாதுகாப்புத்தானே.

---

சுந்தரவல்லி எழுதியது:

தேம்ஸ்காரன், அதுதான் யுகேஎஃப்ஐயு தலையில் அடித்துக்கொள்கிற பழக்கம். வருஷத்துக்கு எட்டரை லட்சத்துக்கும் மேல் எஸ்ஏஆர் அங்கே வருகிறது, பெரும்பங்கு வங்கிகளுடையது. டிஏஎம்எல் என்று டிக் செய்த ஒவ்வொன்றையும் ஏழு வேலை நாளுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்து படித்து, தேவைப்பட்டால் போலீஸையோ எச்எம்ஆர்சி-யையோ கேட்டு முடிவு செய்ய வேண்டும். தேவையில்லாமல் கேட்டால் அவர்கள் நேரமும் போகிறது, உங்கள் கையும் கட்டிப்போகிறது. கேட்டுவிட்டு பதில் வரும் முன் அந்த வேலையைச் செய்ய முடியாது.

சோதனை இதுதான்: நான் செய்யப்போகும் குறிப்பிட்ட செயல் எது, அது 327 முதல் 329-க்குள் வருகிறதா? சென்ற ஆண்டின் கணக்கை முடித்துக் கொடுப்பது பெரும்பாலும் வராது. அதற்கு வெறும் தகவல் எஸ்ஏஆர் போதும். 62,000-ஐ அனுப்புவது நிச்சயம் வரும்.

இதில் இன்னொரு கண்ணி. டிஏஎம்எல் கேட்கவேண்டிய இடத்தில் அந்தப் பெட்டியை டிக் செய்ய மறந்தால் அது தகவல் எஸ்ஏஆர் ஆகிவிடும். ஏழு நாள் கணக்கே தொடங்காது. பத்து நாள் பொறுத்து, "பதில் வரவில்லை, அனுமதிதான்" என்று அனுப்பினால் தற்காப்பு எதுவும் இல்லை.

இனி எழுதும் விதம். கோரிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: சந்தேகத்துக்குக் காரணம், எந்தச் சொத்து குற்றப் பணம் என்று நினைக்கிறீர்கள், அதை வைத்து என்ன செய்ய அனுமதி கேட்கிறீர்கள், யாருக்குப் போகிறது, எவ்வளவு. இதில் ஒன்று குறைந்தாலும் யுகேஎஃப்ஐயு பரிசீலிக்காமலே மூடிவிடலாம். நீங்கள் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும், நாட்களும் மறுபடி ஒன்றிலிருந்து.

கணக்குப்பிள்ளையின் விஷயத்தில் பலர் சறுக்கும் இடம் இரண்டாவது, அதாவது எந்தச் சொத்து குற்றப் பணம் என்பது. 1,80,000 பற்றி இரண்டு பக்கம் எழுதுவார்கள். ஆனால் கேட்பது 62,000-ஐ அனுப்ப. இரண்டுக்கும் என்ன தொடர்பு? லீஸை வாங்கிய காசு அதே கணக்கிலிருந்து வந்தது என்பதுதான் பாலம். அந்த வரி இல்லாவிட்டால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. லீஸ் வாங்கிய தேதி, தொகை, அதற்கு முந்தைய மாதங்களின் ரொக்கக் கட்டுகள், கணக்கு எண், சார்ட் கோடு (வங்கிக் கிளை எண்) எல்லாம் கொடுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதப்போவதன் அமைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

"நாங்கள் இன்ன கம்பெனியின் கணக்காளர். கம்பெனி இன்ன காலத்தில் கல்லா வருமானத்தைவிட 1,80,000 பவுண்டு அதிகமாக ரொக்கம் கட்டியுள்ளது. டைரக்டர் கடன் என்கிறார், ஆவணம் தரவில்லை. இது கணக்கில் காட்டாத வருமானமாகவோ மூன்றாம் நபரின் ரொக்கமாகவோ இருக்கலாம் எனச் சந்தேகிக்கிறோம். இதே கணக்கிலிருந்து இன்ன தேதியில் வாங்கிய லீஸ் விற்கப்பட்டு, வந்த 62,000 பவுண்டு எங்கள் கிளையன்ட் அக்கவுண்டில் உள்ளது. அது முழுதாகவோ பகுதியாகவோ குற்ற வருமானம் எனச் சந்தேகிக்கிறோம். இதை இன்ன நாட்டில் உள்ள இன்ன கம்பெனியின் இன்ன கணக்குக்கு ஒரே தவணையில் அனுப்ப அனுமதி கோருகிறோம். கிளையன்ட் கேட்கும் தேதி இன்னது."

முதல் பத்தியிலேயே சாரம் வந்துவிட வேண்டும். அட்டவணை, தடித்த எழுத்து, அலுவலகத்துக்குள் புழங்கும் சுருக்கெழுத்து வேண்டாம். பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டுடன் முகவரி, கம்பெனி பதிவு எண் ஆகியவற்றை அவற்றுக்கு உரிய கட்டங்களில் போடுங்கள். விவரணைக்குள் புதைத்தால் தேடலில் சிக்காது. சந்தேகத்தைக் கண்டுபிடித்த ஊழியரின் பெயரை விவரணையில் எழுதவே எழுதாதீர்கள். முன்பு இதே ஆளைப் பற்றி எஸ்ஏஆர் போட்டிருந்தால் அந்தக் குறிப்பு எண்ணைச் சேருங்கள்.

---

மூன்றாம் மேசை எழுதியது:

நாள் எண்ணும் கணக்கு. பிரிவு 335.

எஸ்ஏஆர் அனுப்பிய நாள் கணக்கில் இல்லை. அடுத்த வேலை நாள்தான் 1. சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, வங்கி விடுமுறை கழியும். திங்கள் அனுப்பினால் செவ்வாய் 1, அடுத்த வாரம் புதன் 7. புதன் முழுதாகக் கழிய வேண்டும். பதில் இல்லை என்றால் வியாழனிலிருந்து அனுமதி வந்ததாகக் கருதிச் செய்யலாம். ஆக இந்த வெள்ளிக்குள் என்பதைச் சட்டப்படி எதிர்பார்க்க முடியாது. பதில் முன்கூட்டியே வரலாம், அதை நம்பி யாருக்கும் தேதி கொடுக்காதீர்கள்.

வங்கி விடுமுறை என்பது அறிக்கை அனுப்பும்போது நீங்கள் இருக்கும் பகுதியின் விடுமுறை. ஈஸ்டருக்கு முந்தைய புதன் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். வியாழன் 1, பெரிய வெள்ளி போய்விட்டது. இங்கிலாந்தில் ஈஸ்டர் திங்களும் விடுமுறை என்பதால் ஏழாம் நாள் அதற்கு மறுவாரச் செவ்வாய். ஸ்காட்லாந்தில் அந்தத் திங்கள் வங்கி விடுமுறை இல்லை. அங்கே ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிடும்.

மறுப்பு வந்தால் 31 நாள் தடை. இது நாட்காட்டி நாள். மறுப்பு கைக்கு வந்த நாளே 1. மார்ச் 1 வந்தால் மார்ச் 31 முடியும் வரை. முன்பு அத்தோடு முடிந்தது. குற்ற நிதிச் சட்டம் 2017-க்குப் பிறகு கிரவுன் கோர்ட்டில் கேட்டு 31, 31 நாளாக நீட்டலாம். முதல் 31-க்கு மேல் மொத்தம் 186 நாள் வரை. மோசமான நிலையில் ஏழு மாதம் அந்தப் பணம் உங்கள் கணக்கில் உட்கார்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்பு பெரும்பாலும் ஏன் வருகிறது என்பதும் முக்கியம். ஒருங்கிணைந்த குற்றம் பற்றிய உளவு என்சிஏ-விடம்தான் குவிகிறது, ஆனால் வருகிற ஒவ்வொரு எஸ்ஏஆரையும் அவர்களே துப்பறிவதில்லை. யாராவது ஒரு அமைப்பு, உள்ளூர் போலீஸோ பிராந்தியக் குற்றப் பிரிவோ எச்எம்ஆர்சி-யோ, "அந்தப் பணத்தை முடக்க எங்களுக்கு அவகாசம் வேண்டும்" என்றால்தான் மறுப்பு. அந்த அவகாசத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கணக்கு முடக்க உத்தரவோ, கிரவுன் கோர்ட்டில் ரெஸ்ட்ரெயின்ட் (சொத்தைக் கைமாற்றத் தடை) உத்தரவோ வாங்குவார்கள். கணக்கு முடக்க உத்தரவுக்கு 1,000 பவுண்டு இருந்தாலே போதும். 2 ஆண்டு வரை நீளலாம். பெரும்பாலான கோரிக்கைகள் மறுக்கப்படுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதீர்கள்.

அனுமதி கேட்ட செயலுக்கு மட்டும்தான். 62,000-ஐ ஒரே தவணையில் அந்த ஒரு கணக்குக்கு என்று கேட்டால் அதுதான். கிளையன்ட் நடுவில் "பாதியை வேறு கம்பெனிக்கு அனுப்புங்கள்" என்றால் புதிய கோரிக்கை.

பேரேடு சொன்னதோடு ஒன்று: எம்எல்ஆர்ஓ என்ற முறையில் நீங்கள் என்சிஏ-வின் அனுமதியோ ஏழு நாள் முடிவோ இல்லாமல் ஊழியரிடம் "அனுப்பு" என்று சொன்னால் அது தனிக் குற்றம், பிரிவு 336. பேமென்ட் ரன்னைத் தயாரிப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தானியங்கிப் பட்டியலில் அந்தத் தொகை ஏற்கெனவே ஏறியிருந்தால் முதலில் அதை எடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மிக்க நன்றி. லீஸ் தொடர்பு பற்றிய வரி என் வரைவில் இல்லவே இல்லை; சேர்க்கிறேன். டைரக்டர் தினமும் போன் செய்கிறார். அவரிடம் என்ன சொல்வது? இன்னும் ஒன்று: சந்தேகம் என்று சொல்ல இது போதுமா? என் பார்ட்னர் "ஆதாரம் எங்கே" என்கிறார்.

---

சுந்தரவல்லி எழுதியது:

பார்ட்னருக்கு: ஆதாரம் தேடுவது போலீஸ் வேலை. 2006-ல் டா சில்வா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வைத்த அளவுகோல், அப்படி இருக்கக்கூடும் என்கிற, வெறும் கற்பனைக்கு மேற்பட்ட சாத்தியம். மனசுக்குள் ஏதோ உறுத்துகிறது என்பது மட்டும் போதாது. உங்களுடையதில் எண்கள் இருக்கின்றன, ஆவணம் கேட்டுக் கிடைக்காதது இருக்கிறது. தாராளமாகத் தாண்டுகிறது. எந்தக் குற்றம் என்று பெயர் சொல்லத் தேவையில்லை.

ஆனால் வெறும் பிழையையும் இதையும் குழப்ப வேண்டாம். கிளையன்ட் தெரியாமல் வருமானத்தை விட்டுவிட்டு, சுட்டிக்காட்டியதும் திருத்திவிட்டால் அங்கே குற்ற வருமானம் இல்லை. சுட்டிக்காட்டிய பிறகும் "அப்படியே இருக்கட்டும்" என்றால் அந்த நிமிஷத்திலிருந்து கதை வேறு.

டைரக்டருக்கு: அறிக்கை போட்டதையோ, விசாரணை நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்பதையோ விசாரணையைக் கெடுக்கும் வகையில் தெரியப்படுத்தினால் டிப்பிங் ஆஃப், 333ஏ, 2 ஆண்டு வரை. பொய்யும் சொல்லக்கூடாது. "பேங்க் சிஸ்டம் டவுன்" என்று சொல்லி, அவர் பேங்குக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டால் அதுவே துப்பு. "அனுப்பும் முன் எங்கள் தரப்பில் முடிக்கவேண்டிய சரிபார்ப்புகள் உள்ளன, முடிந்ததும் சொல்கிறோம்" என்ற ஒரே வாக்கியத்தை எல்லா ஊழியரும் சொல்லட்டும். யார் போனை எடுத்தாலும் இதே சொற்கள்.

வழக்கமான கேள்விகளைக் கேட்பது டிப்பிங் ஆஃப் ஆகாது. வெளிநாட்டுக் கம்பெனி யார், இன்வாய்ஸ் எங்கே, கடன் ஒப்பந்தம் எங்கே என்று எந்தக் கிளையன்டிடமும் கேட்பதுபோல் கேளுங்கள். அறிக்கை போட்ட பிறகு புதுசாக, துருவித் துருவிக் கேட்பதுதான் ஆபத்து.

கிளையன்ட் வழக்குப் போடுவார் என்று பயந்தால்: ஷா என்பவர் எச்எஸ்பிசி மீது, சந்தேகத்தால் பரிமாற்றம் தாமதமானதில் முப்பது கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று போட்ட வழக்கு 2012-ல் வங்கிக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் வங்கியின் சந்தேகம் உண்மையானதா என்று கோர்ட் தோண்டித் தோண்டிப் பார்த்தது. அதனால் ஏன் சந்தேகித்தீர்கள் என்ற உள் குறிப்பைத் தேதியும் நேரமும் போட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள்.

---

பேரேடு எழுதியது:

டிப்பிங் ஆஃப் வாய் வழியாகக் கசிவது குறைவு. காகித வழியாகத்தான் அதிகம்.

டைம்ஷீட்டில் "எஸ்ஏஆர் தயாரிப்பு, 2 மணி" என்று ஏற்றினால் மாதக் கடைசியில் அது கிளையன்டின் பில்லில் அச்சாகி நிற்கும். கிளையன்ட் பார்க்கக்கூடிய ஆன்லைன் ஃபோல்டரில் வரைவு. கிளையன்ட் பெயரைத் தலைப்பில் போட்ட உள் மின்னஞ்சலை யாரோ பதில் எழுதும்போது கீழே சேர்த்தே அனுப்புவது. எஸ்ஏஆர் கோப்பு கிளையன்ட் கோப்பில் இருக்கவே கூடாது; எம்எல்ஆர்ஓ மட்டும் திறக்கும் தனி இடம்.

நீங்கள் விலகினால் அடுத்த கணக்காளரிடமிருந்து புரொஃபெஷனல் கிளியரன்ஸ் கடிதம் வரும்: "நாங்கள் ஏற்காமல் இருக்கக் காரணம் ஏதும் உண்டா?" அங்கே எஸ்ஏஆர் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கிளையன்ட் "என்னைப் பற்றி வைத்திருப்பதை எல்லாம் கொடு" என்று கேட்டால், குற்றத் தடுப்புக்கான விலக்கு அச்சட்டத்திலேயே இருக்கிறது. எஸ்ஏஆரை எடுத்து நீட்டிவிடாமல் சட்டத்தரணியைக் கேட்டுச் செய்யுங்கள்.

தொழில் அமைப்பில் உறுப்பினரான கணக்காளருக்குச் சட்ட ஆலோசனை சார்ந்த ரகசிய விலக்கும் சில சூழலில் உண்டு. கிளையன்ட் வரி வழக்குக்கு ஆலோசனை கேட்டு வந்து சொன்னது போன்றவை. உங்கள் விஷயம் அதில் வராது. கணக்கு எழுதும் வழக்கமான வேலையில் கண்ணில் பட்டது இது.

---

மூன்றாம் மேசை எழுதியது:

யாரும் தொடாத ஒரு கோணம். கல்லாவைத் தாண்டி ரொக்கம் உள்ளே வருகிறது, சம்பந்தமே இல்லாத டிரேடிங் கம்பெனிக்கு வெளியே போகிறது. இதை வரி ஏய்ப்பு என்று மட்டும் பார்க்காதீர்கள். வரியை ஏய்ப்பவர் ரொக்கத்தை வங்கிக்கு வெளியேதான் வைப்பார். கல்லாவைவிட அதிகமாகக் கொண்டுபோய் வங்கியில் கட்டமாட்டார். இது வேறு யாருடைய ரொக்கமோ கடைக் கணக்கு வழியாக உள்ளே வருவதன் அடையாளமாக இருக்கலாம்.

நம்மவர்கள் உண்டியல் (வங்கி வழியின்றிப் பணம் அனுப்பும் முறை) என்று சொல்வதன் தீர்வு வழிகளில் ஒன்றும் இதே வடிவம்தான்: இங்கே வசூலான ரொக்கத்துக்கு ஈடாக, அங்கே உள்ள தரகரின் சரக்குக் கடனை இங்கிருந்து யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு அடைக்கும். பணம் அனுப்பும் தொழிலை எச்எம்ஆர்சி மேற்பார்வையில் பதிவில்லாமல் செய்வதே குற்றம். குடும்பத்துக்கு அனுப்பும் காசும் போதைப்பொருள் விற்ற ரொக்கமும் ஒரே குளத்தில் கலப்பது இங்கேதான். ஒருங்கிணைந்த குற்றக் கும்பல்களைத் தேடும் என்சிஏ-வுக்கு இந்தக் கலப்பு இடம் முக்கியம்.

இதை முடிவாக எழுத வேண்டாம். கண்ட உண்மைகளை எழுதுங்கள்: ரொக்கம் எந்த எந்தக் கிளைகளில் கட்டப்பட்டது, ஒரே நாளில் எத்தனை முறை, கட்டியது டைரக்டரா வேறு ஆளா, முழு ஆயிரங்களாகவா, 20 பவுண்டு நோட்டுகளா, கட்டிய எத்தனை நாளில் வெளியே போனது. பேயிங்-இன் சீட்டுகள் உங்கள் கையில் இருந்தால் அவைதான் தங்கம். வெளிநாட்டுக் கம்பெனியின் பதிவு எண், வங்கி, ஐபான் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) முழுசாக. உங்களுக்கு அற்பமாகத் தெரியும் அந்த ஐபான் வேறு மூன்று எஸ்ஏஆர்களில் ஏற்கெனவே இருக்கக்கூடும்.

---

தேம்ஸ்காரன் எழுதியது:

சரி, பெட்டியை எல்லாவற்றுக்கும் டிக் செய்வதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு சந்தேகம்: காசை ஏற்கெனவே அனுப்பிவிட்டு, பிறகுதான் சந்தேகம் வந்தால்?

---

பேரேடு எழுதியது:

அனுப்பும்போது சந்தேகமே இல்லை என்றால் 327 முதல் 329-க்குள் நீங்கள் வரமாட்டீர்கள். ஆனால் தகவல் எஸ்ஏஆர் போடும் கடமை இப்போது உண்டு. அனுப்பும்போதே சந்தேகம் இருந்து, முன்னே சொல்லாததற்கு நியாயமான காரணம் இருந்தால், யாரும் கேட்கும் முன் நீங்களாகவே, முடிந்த அளவு சீக்கிரம் சொல்லும் வழியைப் பிரிவு 338 வைத்திருக்கிறது. "கிளையன்ட் அவசரப்படுத்தினார்" என்பதை நியாயமான காரணமாக யாரும் ஏற்பார்கள் என்று நம்பாதீர்கள்.

ஆவணங்களைத் தொடர்பு முடிந்த நாளிலிருந்து 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும், 2017 பணச்சலவை விதிகளின் 40-ஆம் விதி. போர்ட்டல் தரும் ஒப்புகையையும் குறிப்பு எண்ணையும் அதே தனிக் கோப்பில் சேமியுங்கள். ஏழாம் நாள் எது என்று பின்னால் யாராவது கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.